காலாவதித் தேதி இல்லாத பூட்டு

"விக்கிப்பீடியாவுல எங்க ஊரு பக்கத்தப் பூட்டணும். அதுக்கு யாரப் புடிக்கணும்?" என்று கேட்கிறாய், தம்பி. வில்லியனூரில் பிறந்து வளர்ந்தவன் வேறெப்படிக் கேட்பாய்? குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க ஒருவரைப் பிடிக்க வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு இன்னொருவரை. தெருவிளக்கு எரிய வேண்டுமென்றால் எல்லோரையும். அதனால் முதல் ஏமாற்றத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இங்கே யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. சால்வை வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், தொகுதி அலுவலக வாசலில் விடிகாலையில் போய் நிற்கவும் வேண்டாம். காரணத்தை எழுதினால் போதும். நம் ஊர் ஆட்சியில் எவருக்கும் பழக்கமில்லாத வேலை அது ஒன்றுதான்.

பூட்டு கேட்டு வருகிற முதல் ஆள் நீ அல்ல. உனக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. யார் யாரென்று பார்த்துக்கொள்.

முதலில் நிற்பவர்கள் ஓர் அண்ணனின் தொண்டர்கள். அண்ணன் பிறந்தநாளுக்கு விழுப்புரம் சாலை நெடுகப் பேனர் கட்டியவர்கள். துணியில் இடம் தீர்ந்துபோய்க் கலைக்களஞ்சியத்துக்கு வந்திருக்கிறார்கள். ஊர்ப் பக்கத்தில் 'அமைவிடம்' என்ற தலைப்பின் கீழ் அண்ணன் அமைந்திருக்கிறார். 'வரலாறு' அண்ணன் பிறந்த ஆண்டில் தொடங்குகிறது. 'கல்வி' என்ற பகுதி மட்டும் காலி. யாரோ ஒரு பயனர் வந்து, சான்றில்லை என்று இவற்றையெல்லாம் நீக்கிவிட்டார். உடனே கூச்சல்: "எங்கள் வரலாற்றை அழிக்கிறார்கள், பக்கத்தைப் பூட்டுங்கள்!" பூட்டுவதற்கு முன்னால் அண்ணனை மறுபடி உள்ளே வைத்துவிட வேண்டும் என்பது அவர்களின் ஒரே நிபந்தனை.

அடுத்து நிற்பவர்கள் சாதிச் சங்கத்தார். தமிழ் பேசும் நிலத்தில் இன்று ஆளாத பரம்பரை என்று எதுவும் மிச்சமில்லை. எல்லோரும் ஆண்டவர்கள். அப்படியானால் ஆளப்பட்டவர்கள் யார், வரி கட்டியவர்கள் யார், ஊருக்கு வெளியே சேரியைக் கொண்டுபோய் வைத்தவர்கள் யார் என்று ஒரே ஒரு பத்தி எழுதிப் பார். சான்றோடு எழுதினாலும் மறுநாள் காலை அது இருக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தெற்காசியச் சாதிப் பக்கங்களுக்கென்றே தனிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. உலகத்தின் மற்றப் பகுதிகள் போருக்கும் எல்லைக்கும் மதத்துக்கும் சண்டையிட்டு அந்தப் பெருமையை அடைந்தன. நாம் எந்தச் சாதி எந்த மன்னனுக்கு மாமன் என்ற கேள்விக்காக அடைந்தோம்.

மூன்றாவதாக நிற்பவர் மனை விற்பவர். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். இவர் அதை 'நெற்களஞ்சியமாக இருந்த' என்று திருத்த வந்திருக்கிறார். திருத்தத்தோடு ஒரு கைப்பேசி எண்ணும், கடலூர் சாலையிலிருந்து எத்தனை நிமிடம் என்ற கணக்கும். தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னால், வாய்க்கால் இருப்பது தெரிந்தால் மனைக்கு மதிப்புக் குறையும் என்பார். அவருக்கும் பூட்டு வேண்டும்.

வரிசையின் கடைசியில் நீ நிற்கிறாய். உன் ஊர்ப் பக்கத்தில் எவனோ தினமும் சாயங்காலம் வந்து கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போகிறான். கோயில் பெயரை மாற்றுகிறான், பக்கத்து ஊர்க்காரர்களைத் திட்டுகிறான், ஒரு பெண்ணின் பெயரைக்கூட எழுதியிருக்கிறான். நீ அழிக்கிறாய், அவன் எழுதுகிறான். வரிசையில் நியாயம் இருப்பது உன் பக்கம்தான். ஆனால் நீயும் அந்த மூன்று பேரும் கேட்பது ஒரே பூட்டு. அதனால்தான் பூட்டுகிறவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி விசாரிக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

செய்முறையைக் கேள்.

முதலில் பக்கத்தின் மேலே இருக்கும் வரலாற்றைத் திற. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பது முதல் நாளிலிருந்து அங்கே இருக்கும். புதுச்சேரியின் எந்த அரசுக் கோப்பிலும் நீ பார்த்திராத காட்சி அது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போ. பிறகு உன்னையே ஒரு கேள்வி கேள்: வந்தவன் விசமம் செய்கிறானா, அல்லது உனக்குப் பிடிக்காததை எழுதுகிறானா? இரண்டும் வேறு வேறு. விசமத்தை நீக்கலாம். பிடிக்காததைப் பேச்சுப் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். உனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு என்றால், 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மாறி மாறி அழிப்பவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை செய்துவிடுவார்கள். நியாயம் யார் பக்கம் என்று பார்க்க மாட்டார்கள்.

ஒரே ஒருவன்தான் வருகிறான் என்றால் அந்த ஒருவனைத் தடுத்தால் போதும். ஊருக்கே கதவைச் சாத்த வேண்டாம். பல பெயர்களில், பல இடங்களிலிருந்து, தொடர்ந்து வருகிறார்கள் என்றால்தான் பூட்டு. இனிமேல் வருவார்களோ என்ற பயத்துக்குப் பூட்டு கிடையாது. இந்த விதியைக் கேட்டதும் நம் ஆட்கள் பலருக்கு மூச்சு நின்றுவிடும். 'சட்டம் ஒழுங்கு கெடக்கூடும்' என்ற மூன்று சொல்லில் ஒரு மாவட்டத்தையே மூடிப் பழகியவர்களிடம் போய், கெட்டதற்குச் சான்று எங்கே என்று கேட்டால் எப்படி?

கோரிக்கையை எழுது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இலங்கைத் தமிழரான மயூரநாதன் போன்ற ஒரு சிலர் ஆரம்பத்தில் உட்கார்ந்து வளர்த்தது. அங்கே பொதுப்பேச்சுக்கான இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அங்கே போய்க் கேட்கலாம், அல்லது ஒரு நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். எந்தப் பக்கம், எந்த அளவுப் பூட்டு, எத்தனை நாளுக்கு, என்ன விசமம், அதற்கான தொகுப்புகள் எவை. அவ்வளவுதான். 'எம் ஊரின் மானம்', 'தமிழினத்தின் மீது தாக்குதல்', 'இதன் பின்னால் இருக்கும் சதி' ஆகியவற்றை எழுதாதே. அவை மேடைக்கு வேண்டியவை.

பூட்டிலும் அளவு உண்டு. அரைப் பூட்டு என்றால், கணக்கு இல்லாதவர்களும் நேற்று வந்தவர்களும் தொகுக்க முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி 4 நாளும் 10 தொகுப்புகளும் ஆனவர்கள் தொகுக்கலாம். அதற்கும் மேலே ஒன்று, 30 நாளும் 500 தொகுப்புகளும் கேட்கும். முழுப் பூட்டு என்றால் நிர்வாகிகள் மட்டும்தான்; அதை அவர்கள் அரிதாகத்தான் போடுவார்கள். இந்த அரைப் பூட்டு சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் ஜான் சைகந்தாலர் என்ற முதிய பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி ஒருவன் விளையாட்டாக எழுதிவைத்தான். 2005இல் அந்தப் பொய் நான்கு மாதம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் அரைப் பூட்டைக் கொண்டுவந்தார்கள். தவறு நடந்தது, ஒப்புக்கொண்டார்கள், விதியை மாற்றினார்கள். இந்த மூன்று வினைச்சொற்களும் வரிசையாக வரும் வாக்கியத்தை நம் அரசிதழில் தேடிப் பார்.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 2022 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தானுக்கு எதிராக அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சை விட்டார். 23 வயதுப் பையன். அன்றிரவே யாரோ அவர் பக்கத்தில் புகுந்து அவரைக் காலிஸ்தான்காரராக்கினார்கள். சில நிமிடங்களில் சரிசெய்து, புதியவர்கள் கைவைக்க முடியாதபடி பக்கத்தைப் பூட்டினார்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் தூக்கத்தை விட்டுச் செய்த வேலை அது. இந்திய அரசு என்ன செய்தது? விக்கிப்பீடியாவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அந்தப் பையனைச் சமூக ஊடகங்களில் இரவு முழுக்கத் துரோகி என்று திட்டிய ஆயிரக்கணக்கானவர்களில் யாரிடமும் யாரும் இப்படி விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.

உன் கோரிக்கையைப் பார்க்க வருகிறவர் உன் சண்டையில் சம்பந்தப்படாத நிர்வாகியாக இருக்க வேண்டும். அவர் மறுக்கலாம். மறுத்தால் ஏன் என்று எழுதுவார். ஏற்றுக்கொண்டால் பூட்டுவார், அவர் பெயர், நாள், காரணம், பூட்டு எந்தத் தேதியில் தானாகத் திறக்கும் என்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பதிவாகும். அவர் பூட்டியது தப்பு என்று நீ அவரிடமே கேட்கலாம். பொதுவிடத்திலும் கேட்கலாம். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நிர்வாகிகள் எப்போதும் தப்பான வடிவத்தைத்தான் பூட்டுவார்கள் என்பது விக்கிப்பீடியர்களின் பழைய கேலி. பக்கம் பூட்டிக் கிடக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாசகம் உன் எதிரியுடையதாக இருந்தால், ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். அதைவிடப் பெரிய வேடிக்கை, நீ கேட்ட அரைப் பூட்டு விழுந்த மறுகணம், நேற்றுக் கணக்குத் தொடங்கிய நீயும் வெளியே நிற்பாய். திருத்தம் வேண்டுமென்றால் பேச்சுப் பக்கத்தில் எழுதிக் கேட்க வேண்டும். பூட்டு என்பது கேட்டவனையும் சேர்த்துத்தான் அடைக்கும் என்று பதினெட்டு வயதிலேயே கற்றுக்கொள்வது நல்லது. நம் ஊரில் அறுபது வயதுக்காரர்களுக்கும் இது புரிவதில்லை.

எழுதியதைக் காப்பாற்றும் கவலை உன் பக்கத்துக் கொம்யூனுக்கு, அதாவது பாகூர் உள்ளாட்சிப் பகுதிக்கு, புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்து, அதைச் செப்பேட்டில் வெட்டினான். அந்தக் காலத்தில் கல்லிலோ செம்பிலோ வெட்டியதற்கு ஒரு பூட்டும் போடுவார்கள்: இதை அழித்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையில் நடந்த பாவமெல்லாம் சுமப்பான் என்ற வகையில் ஒரு சாபம். விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை, ஏழேழு பிறவிக்கும் தடை. அந்தச் சாபப் பூட்டு இன்றும் சிலருக்குப் பிடித்திருக்கிறது. வசதி இருப்பவர்கள் பூட்டுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. 2024 ஜூலையில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய பக்கத்தில் அவதூறு இருக்கிறது என்று 2 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த வழக்கைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் எழுந்தது. அக்டோபரில் அந்தப் பக்கத்தையே நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நீக்கினார்கள். 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிமன்ற நடவடிக்கையை மக்கள் பேசுவதும் விமர்சிப்பதும் இயல்பு என்றது. நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஒரு கலைக்களஞ்சியப் பக்கம் மூச்சுவிட முடிந்தது.

இதுவரை சொன்னது நீ கேட்டதற்குப் பதில். இனி நீ கேட்காததற்கு.

சில கெட்ட வார்த்தைகளைத் தடுக்க உன்னிடம் எத்தனை கேள்வி கேட்டார்கள், பார்த்தாயா? ஏன், எத்தனை நாள், சான்று எங்கே, யார் பூட்டியது, எப்போது திறக்கும். இதே கேள்விகளை எடுத்துக்கொண்டு உன் ஊர்க் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போ. அங்கே தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை. ஆணையர் இருக்கிறார், அதிகாரிகள் இருக்கிறார்கள். வில்லியனூரும் பாகூரும் 2011 முதல் முழுப் பூட்டில் கிடக்கின்றன, தம்பி. நிர்வாகிகள் மட்டும் தொகுக்கலாம். நீ 4 நாள் அல்ல, 40 ஆண்டு அங்கே வரி கட்டியிருந்தாலும் ஓர் எழுத்தைத் தொட முடியாது.

இந்தப் பக்கத்தின் வரலாற்றையும் திறந்து பார்ப்போம்.

1880இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டு இங்கே கொம்யூன்களை உண்டாக்கியது. வில்லியனூரும் பாகூரும் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தன. அவற்றுக்கு நடந்த தேர்தல்களின் யோக்கியதை ஊரறிந்தது. அடியாளும் கள்ள ஓட்டும் இல்லாமல் பெட்டி திறந்ததில்லை. ஆனாலும் கள்ள ஓட்டுப் போடுவதற்காவது ஒரு தேர்தலை வைத்தான் வெள்ளைக்காரன். அந்த மரியாதைகூட இப்போது இல்லை.

1954 அக்டோபர் 18. உன் கொம்யூனைச் சேர்ந்த கீழூர். பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேர வேண்டுமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் மொத்தம் 178 பேர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. அந்த 178 பேர் யார் தெரியுமா? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் உறுப்பினர்களும்தான். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு சேர்க்கும் முடிவை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்களாகக் கொம்யூன் உறுப்பினர்கள் அன்று இருந்தார்கள். இன்று அதே கொம்யூனில் ஒரு சுடுகாட்டுப் பாதைக்கு ஜல்லி கொட்டும் முடிவை எடுக்கவும் ஓர் உறுப்பினர் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16இல் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி, அந்த 170 பேரின் தியாகத்தையும் தேசப்பற்றையும் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் எந்தப் பதவியில் இருந்து வாக்களித்தார்களோ அந்தப் பதவியை ஒழித்துவிட்டு, அந்தக் கல்லுக்கே மாலை.

1968இல் ஓர் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல். இடையில் 38 ஆண்டு. 2006இல் நீதிமன்றம் முதுகில் கைவைத்துத் தள்ளிய பிறகுதான் பெட்டியை வைத்தார்கள். 2011இல் ஐந்தாண்டு முடிந்தது. அரசியல் சட்டத்தின் 243E உறுப்பு, பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. ஒன்றியப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். 2011 முதல் 2016 வரை என்.ஆர். காங்கிரஸ் ஆண்டது. 2016 முதல் 2021 வரை காங்கிரஸ். பிறகு என்.ஆர். காங்கிரஸும் பா.ஜ.க.வும். ஒருவர் செய்ததை அடுத்தவர் அழிப்பதே நம் அரசியலின் இலக்கணம். இந்தப் பூட்டில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. மூன்று ஆட்சிக்கும் முழு உடன்பாடு ஏற்பட்ட ஒரே தொகுப்பு இதுதான்.

2018இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் வேலையைத் தொடங்கச் சொன்னது. 2019, 2020 ஆண்டுகளில் மாநிலத் தேர்தல் ஆணையரை யார் நியமிப்பது என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் இழுபறி. இவர் நியமித்தார், அவர் ரத்து செய்தார். 24 மணி நேரத்தில் மாறி மாறி அழித்தால் தடை போடும் விதி ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாசில் இல்லாமல் போனது. 2021இல் தேதியே அறிவித்தார்கள். மூன்று கட்டம் என்றார்கள். சுழற்சியிலும் இட ஒதுக்கீட்டிலும் தப்பு என்று வழக்கு வந்தது, அறிவிப்பு சுருண்டது. பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டைச் சரியாக நிர்ணயிப்பது தேவையான வேலைதான், மறுக்கவில்லை. அந்த வேலையை 2011க்கும் 2021க்கும் நடுவே இருந்த பத்தாண்டில் ஏன் முடிக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதற்குப் பேச்சுப் பக்கம் கிடையாது.

கட்டடத்துக்குக் குறைவில்லை. புதுச்சேரி கடற்கரையில் பிரெஞ்சுக்காரன் கட்டிய மேரி கட்டடம், நகரத் தந்தை உட்காரக் கட்டியது, 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் சுமார் 15 கோடி ரூபாயில் மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். தூண் இருக்கிறது, வளைவு இருக்கிறது, வெள்ளைப் பூச்சு பளபளக்கிறது. உள்ளே உட்கார ஒரு நகரத் தந்தைதான் இல்லை. தேர்ந்தெடுத்த ஆட்களை வெளியே தள்ளிவிட்டு, அவர்கள் நாற்காலிக்குப் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் வைத்த ஊர் இது.

தேர்ந்தெடுக்காதவர்களுக்கு மட்டும் கதவு திறந்தே இருக்கிறது. சட்டமன்றத்தில் நீயும் நானும் தேர்ந்தெடுப்பது 30 பேரை. மத்திய அரசு நியமிப்பது 3 பேரை. 2017இல் அப்படி மூவரை நியமித்தார்கள். மாநில அரசிடம் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு கவிழ்ந்த அவையில் நியமன உறுப்பினர்களும் வாக்குரிமையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாக்குகூட வாங்காதவர் முதலமைச்சரின் நாற்காலியைத் தொகுக்கலாம். வாக்குக் கேட்டு வாங்கத் தயாராக இருப்பவர் தன் தெருச் சாக்கடையைத் தொகுக்க முடியாது. இந்த அறிவை எந்தக் கலைக்களஞ்சியத்தில் சேர்ப்பது என்று சொல்.

ஏன் யாரும் திறக்கவில்லை? பெரிய சதியெல்லாம் இல்லை; சின்னக் கணக்கு. புதுச்சேரியில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சராசரியாக 30,000 வாக்காளர்களுக்குச் சற்று மேலே. தமிழ்நாட்டில் ஒரு பெரிய பேரூராட்சி அளவு. இங்கே சட்டமன்ற உறுப்பினர்தான் பஞ்சாயத்துத் தலைவரும், வார்டு உறுப்பினரும், காதுகுத்துக்கு வரும் தாய்மாமனும். குழாயில் தண்ணீர் வந்தால் அவர் கொடுத்தது. வராவிட்டால் அதிகாரி கெடுத்தது. கிராமத்துக்கு ஒரு தலைவர் என்று 98 பேர் எழுந்து நின்றால், குழாய்க்கு உரிமை கொண்டாடப் போட்டி வந்துவிடும். அடுத்த தேர்தலில் அந்த 98இல் ஒருவர் எதிரே நிற்பார். தன் இடத்துக்கு ஆள் தயாராகும் பள்ளிக்கூடத்தைத் தானே திறந்துவைக்க யாருக்குப் பைத்தியம்? அதனால் ஆளுங்கட்சி அறிக்கையில் தேர்தல் வராது. எதிர்க்கட்சி அறிக்கையில் வரும். ஆட்சி மாறினால் பேச்சும் கட்சி மாறிவிடும்.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேருக்கு வடம்பிடிக்கப் பிரெஞ்சுக் காலத்திலிருந்தே ஆளுநர் வருவது வழக்கம். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வருகிறார்கள். கைகூப்புகிறார்கள், வடத்தைத் தொடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேர் அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. தேர்தலைத்தான் இழுத்துக்கொண்டே போகிறார்கள்.

இதில் உனக்கும் எனக்கும் பங்கு இல்லையா? இருக்கிறது. உன் ஊர்ப் பெயரில் ஒருவன் இணையத்தில் இரண்டு கெட்ட வார்த்தை எழுதியதும் ஊர் இளைஞர்கள் எல்லாம் திரண்டீர்கள். உன் ஊரையே பத்தாண்டுக்கு மேலாக எழுதாமல் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டா? பக்கத்தில் அண்ணன் பெயரை நீக்கியதற்கு மறியல் செய்யத் துணிந்தவர்கள், தங்கள் கையிலிருந்து ஓர் ஓட்டையே நீக்கியதற்கு வாய் திறந்தார்களா? நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டு, சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு, பஞ்சாயத்துக்கு ஓர் ஓட்டு என்பது மற்ற ஊர்க்காரனின் கணக்கு. 2006க்குப் பிறகு 18 வயது ஆனவர்கள் யாரும் வில்லியனூரிலோ பாகூரிலோ அந்த மூன்றாவது ஓட்டைப் போட்டதில்லை. போடாததால் பறிபோனதும் தெரியவில்லை. நிறைவேறிய காரியம் இதுதான்: ஒரு தலைமுறையையே கேட்கத் தெரியாததாக்கிவிட்டார்கள்.

உன் ஊர்ப் பக்கத்துக்கு அரைப் பூட்டு வேண்டுமானால் இன்றே கேள். விசமம் உண்மையென்றால் ஒரு வாரத்துக்குக் கிடைக்கும், பிறகு தானாகத் திறந்துவிடும். கையோடு இன்னொரு கோரிக்கையையும் எழுது. பூட்டக் கேட்கிற இடத்திலேயே திறக்கக் கேட்கவும் வழி உண்டு. படிவம் அதே படிவம்தான். நான் நிரப்பித் தருகிறேன்.

பக்கம்: வில்லியனூர், பாகூர் உட்பட 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள், 5 நகராட்சிகள்.

பூட்டின் அளவு: முழுப் பூட்டு.

பூட்டிய ஆண்டு: 2011.

பூட்டியவர்: கையொப்பம் இல்லை.

பூட்டுவதற்கு முன் நடந்த விசமம்: 2006இல் மக்கள் வாக்களித்தார்கள். ஒரே ஒரு முறை.

காலாவதித் தேதி: குறிப்பிடப்படவில்லை.

கோரிக்கை: திறக்கவும்.

இதைத் தகவல் பெறும் உரிமைச் சட்ட மனுவாகப் போடு. கட்டணம் 10 ரூபாய். யார் பூட்டியது, எந்தக் கோப்பில், என்ன காரணத்தோடு என்று மூன்று கேள்வி போதும். நீ ஒருவன் போட்டால் குப்பைக்குப் போகும். கொம்யூனில் ஆயிரம் பேர் போட்டால் குப்பைத்தொட்டி போதாது. சட்டப்படி அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்காதே. பத்தாண்டுக்கு மேல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.